லாபா கஞ்சித் திருநாள்: சீன பௌத்த ஆலயத்தில் சேர்ந்து கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

சீன நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதத்தின் எட்டாம் நாளை லாபா என்பார்கள். அன்றைக்குச் சீன பௌத்த ஆலயங்களில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சி, யார் வந்தாலும் காசு வாங்காமல் கொடுப்பார்கள். வரிசையில் நின்று ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவது எவருக்கும் எளிது. அதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. ஆனால் இந்தத் திருநாளில் பாதிக்கு மேல் முந்தின நாளே ஆலயத்து அடுக்களையில் நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே போய்ப் பயறு கழுவ உட்காருங்கள் என்றுதான் நான் சொல்வேன். சீனாவிலோ தைவானிலோ படிக்கப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன ஆலயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் உள்ளே போகத் தயங்குகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கொண்டாடுவது எதை?

சீன மகாயான மரபில் லாபா என்பது சித்தார்த்தர் போதி மரத்தடியில் ஞானம் பெற்ற நாள். இலங்கை வாசகர்களுக்கு இது புதிராக இருக்கலாம். அங்கே வழங்கும் தேரவாத மரபில் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் (மறைவு) மூன்றும் வெசாக் பௌர்ணமியில் ஒன்றாகவே நினைக்கப்படுகின்றன. சீனர்கள் இவற்றைத் தனித்தனி நாட்களில் வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் சூரிய நாட்காட்டிக்கு மாறியதால் அங்கே ஞானம் பெற்ற நாள் டிசம்பர் 8 ஆகிவிட்டது.

கஞ்சி வந்த கதை நமக்குப் பழக்கமானதுதான். ஆறு ஆண்டுகள் உடலை வாட்டித் தவம் செய்து எலும்பும் தோலுமாகிவிட்ட சித்தார்த்தருக்கு, நேரஞ்சரா ஆற்றங்கரையில் சுஜாதை என்ற பெண் பாலில் வேகவைத்த சோற்றைக் கொடுத்தாள். அதை உண்டு தெம்பு வந்த பிறகே அவர் போதி மரத்தடியில் உட்கார்ந்தார். அந்தப் பாயசம்தான் சீனத்துக்குப் போய், பால் உதிர்ந்து, தானியமும் பயறும் சேர்ந்து கஞ்சியாயிற்று என்பது ஆலயங்களில் சொல்லப்படும் வரலாறு. பௌத்தம் வருவதற்கு முன்பிருந்தே சீனர்கள் ஆண்டுக் கடைசியில் முன்னோருக்கும் தெய்வங்களுக்கும் படையல் போட்டு வந்தார்கள். பழைய படையல் காலத்தின் மேல் புதிய கதை வந்து ஏறிக்கொண்டது.

ஆலயங்கள் கஞ்சி கொடுக்கும் வழக்கத்துக்குப் பழைய சான்றும் உண்டு. வட சோங் அரசின் தலைநகரான இன்றைய கைஃபெங்கைப் பற்றிய பன்னிரண்டாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று, அன்று பெரிய விகாரைகள் புத்தர் சிலைக்கு நீராட்டு நடத்தி, ‘ஏழு ரத்தின ஐந்து சுவைக் கஞ்சி’யை அடியார்களுக்கு அனுப்பின என்கிறது. நகரத்து வீடுகளிலும் அன்று பழமும் பருப்பும் போட்டுக் கஞ்சி வைத்தார்களாம். சிங் அரசர்கள் காலத்தில் பெய்ஜிங்கின் யோங்ஹகோங் ஆலயத்தில் மாபெரும் செப்புக் கொப்பரைகளில் காய்ச்சினார்கள். முதல் கொப்பரை புத்தருக்கு, அடுத்தது அரண்மனைக்கு, பிறகு இளவரசர்கள், லாமாக்கள், அதிகாரிகள் என்று போய்க் கடைசியில் ஏழைகளுக்கு. இன்றைக்கு அந்த வரிசை கிடையாது. புத்தருக்குப் படைத்த பிறகு யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குத்தான்.

முதல் படி: நாளும் இடமும்

லாபா பெரும்பாலும் ஜனவரியில் வரும். 2026-ல் ஜனவரி 26, 2027-ல் ஜனவரி 15. சில ஆண்டுகளில் நம் பொங்கலை ஒட்டியே அமைந்துவிடும். அதற்குச் சுமார் மூன்று வாரம் கழித்துச் சீனப் புத்தாண்டு. ‘லாபா போனால் புத்தாண்டுதான்’ என்று ஊர்ப் பேச்சே உண்டு. தேதியைச் சீன நாட்காட்டியில் பார்த்து முடிவு செய்யுங்கள். போன வருடத் தேதியை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

எங்கே போகலாம்? கிழக்குச் சீனாவில் உள்ள ஹாங்ஜோ நகரின் லிங்யின் ஆலயம் இதற்குப் பேர்போனது. நான்காம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த ஹுயிலி என்ற துறவி நிறுவியதாகச் சொல்லப்படும் இடம். எதிரே இருக்கும் குன்றைப் பார்த்து, ‘இது எங்கள் ஊர்க் கழுகு மலையல்லவா, எப்போது இங்கே பறந்து வந்தது?’ என்று அவர் வியந்தாராம். அதனால் குன்றுக்கே ‘பறந்து வந்த சிகரம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. லிங்யின்னில் பல நாட்களுக்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். லட்சக்கணக்கான கிண்ணங்கள் மருத்துவமனை, முதியோர் இல்லம், தெரு கூட்டும் தொழிலாளர்கள் என்று நகரம் முழுக்கப் போகும்.

ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் லிங்யின்னைச் சொல்ல மாட்டேன். கூட்டம் அதிகம், பேச ஆள் கிடைக்காது. உங்கள் பகுதியிலேயே இருக்கும் சின்ன ஆலயம்தான் நல்லது. இருபது முப்பது பேர் வேலை செய்யும் அடுக்களையில் புது ஆள் ஒருவர் வந்தால் உடனே கவனிப்பார்கள், கையில் ஒரு கத்தியும் கொடுப்பார்கள். சீனாவுக்கு வெளியே இருப்பவர்கள் ஃபோ குவாங் ஷான் அமைப்பின் கிளை ஆலயங்களில் விசாரிக்கலாம். 1967-ல் ஆசான் ஷிங் யுன் தைவானின் காவோஷியோங்கில் தொடங்கிய இயக்கம் அது. மலேசியாவில் ஜென்ஜாரோமில் உள்ள டோங் ஜென் ஆலயம் அவர்களுடையதுதான். சீனப் புத்தாண்டு விளக்குத் திருவிழாவுக்கு நம் ஆட்களும் குடும்பத்தோடு போகும் இடம். வெளியூர் ஆலயங்களில் கஞ்சி நாள் வார இறுதிக்கு நகர்த்தப்படுவதும் உண்டு. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முன்கூட்டியே பெயர் கொடுப்பது

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆலய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். சீனாவில் பெரிய ஆலயங்கள் தொண்டர் பதிவை வீசாட் என்ற கைபேசிச் செயலியில் நடத்துகின்றன. சின்ன ஆலயங்களில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான். ‘யீகோங்’ என்று சொன்னால் போதும், தொண்டு செய்ய வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். பௌத்தராக இருக்க வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. எந்த மதம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இரவு எத்தனை மணி வரை இருக்க முடியும் என்றுதான் கேட்பார்கள்.

கூப்பிடும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் கூச்சம் போய்விடும். துறவியை, ஆணோ பெண்ணோ, ‘ஷீஃபு’ அல்லது ‘ஃபாஷி’ என்று அழையுங்கள். உடன் வேலை செய்யும் இல்லறத்தாரை ‘ஷீஷியோங்’ என்பார்கள். அது மூத்த அண்ணன் என்பதுபோல ஒரு விளி. ஆனால் அறுபது வயது அம்மாவையும் அப்படியே கூப்பிடுகிறார்கள், அவர்கள் உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், கொஞ்சம் நகருங்கள், எல்லாவற்றுக்கும் கைகூப்பி ‘ஆமித்துவோஃபோ’, அதாவது அமிதாப புத்தரின் பெயர். சீன மொழி ஒரு வார்த்தையும் தெரியாதவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டிவிடலாம்.

பணம் கேட்க மாட்டார்கள். கொடுக்க விரும்பினால் உண்டியல் இருக்கிறது. அதைவிட ஒரு மூட்டை அரிசியோ சில கிலோ பயறோ கொண்டுபோய்க் கொடுத்தால் அது நேராக அண்டாவுக்குப் போகும். எனக்கு அதுதான் பிடித்த வழி.

மூன்றாம் படி: முந்தின நாள் அடுக்களை

ஏழாம் நாள் மதியத்திலிருந்தே வேலை தொடங்கும். ஜனவரிக் குளிரில் ஹாங்ஜோ போன்ற ஊரில் இரவு வெப்பநிலை உறைநிலையை ஒட்டிப் போகும். அடுக்களைக்குள் அடுப்புச் சூடு, முற்றத்தில் ஐஸ் தண்ணீரில் பயறு கழுவும் வேலை. மேலே எளிதாகக் கழற்றக்கூடிய ஒரு கம்பளி, முழங்கை வரை மடிக்க முடிகிற சட்டை, நனைந்தாலும் வழுக்காத செருப்பு அல்லது ரப்பர் பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள். கறுப்போ பழுப்போ, அடக்கமான நிறம் போதும்.

புதியவர்களுக்கு மூன்றில் ஒரு வேலை வரும். ஒன்று, தட்டில் பயறைப் பரப்பிக் கல்லும் சொத்தையும் பொறுக்குவது. நம் பாட்டிமார் முறத்தில் செய்த அதே வேலை. முறம் மட்டும் இல்லை. இரண்டாவது, சிவப்பு இலந்தையின் கொட்டை நீக்குவது. சீனர்களின் ஹோங்ஜாவோ நம் இலந்தைக்கு நெருங்கிய உறவு. அளவில் பெரியது, காய்ந்தால் தோல் சுருங்கிச் செம்பழுப்பாகிவிடும். உலோகக் குழாய் ஒன்றைப் பழத்தின் நடுவில் குத்தி அழுத்தினால் கொட்டை மறுபக்கம் தெறித்து விழும். ஐம்பது பழம் வரை விளையாட்டாகப் போகும். அதற்குப் பிறகு கட்டைவிரல் வலிக்கத் தொடங்கும், பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் உங்கள் கூடையைத் தன்னிடம் இழுத்துக்கொள்வார்.

மூன்றாவதுதான் பொறுமையான வேலை. தாமரை விதையைப் பிளந்து, உள்ளே பச்சையாக ஊசிபோல் நிற்கும் முளையை எடுப்பது. அது விட்டுப்போனால் கசப்பு. காய்ந்த விதையை ஊறவைத்த பிறகு இரண்டாகப் பிரித்தால் முளை தானாகத் தெரியும். நகத்தால் நெம்பினால் போதும். அந்த முளைகளையும் தூக்கி எறிவதில்லை. காயவைத்துத் தேநீராகப் போடுவார்கள்.

அடுக்களையில் பேசக் கூடாது என்ற கடுமையான சட்டம் இல்லை, ஆனால் வம்பு பேச மாட்டார்கள். சில இடங்களில் ஒருவர் தொடங்க, எல்லோரும் சேர்ந்து புத்தர் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்வார்கள். அண்டாவிலிருந்து எடுத்து ருசி பார்க்க நினைக்காதீர்கள். படைப்பதற்கு முன் வாயில் படக் கூடாது என்பது நம் வீட்டுப் படையல் விதியேதான். யாரும் விளக்கம் சொல்லாமலே நமக்குப் புரியும்.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆலயத்துக்கு எதையாவது சமைத்துக் கொண்டுபோகும் ஆசை வரும். மாமிசம், மீன், முட்டை, மது கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பூண்டு, வெங்காயம் கூடாது என்பதும் பலருக்குத் தெரியும். உடனே, ‘வெங்காயம் பூண்டு இல்லாத சமையல்தானே, பெருங்காயம் போட்டுச் சமாளிக்கலாம்’ என்று சாம்பார் வைத்துவிடுவோம். சீன பௌத்தம் விலக்கும் ஐந்து காரப் பொருட்களில் பூண்டு, வெங்காயம், லீக் வகைகளோடு பெருங்காயமும் உண்டு. அந்த அடுக்களையில் பலர் பெருங்காயத்தைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் பட்டியலில் அது இருக்கிறது. பழமோ, சர்க்கரைப் பொங்கலோ கொண்டுபோங்கள், வம்பில்லை. நெய்யும் பாலும் எல்லா ஆலயத்திலும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது, முன்பே ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதே நாளில் வட சீனத்து வீடுகளில் பூண்டை வினிகரில் போட்டு மூடி வைப்பார்கள். சில நாட்களில் பல் முழுக்கப் பச்சைப் பசேலென்று மாறிவிடும். புத்தாண்டுக்கு ஜியாவோசி கொழுக்கட்டையோடு தொட்டுக்கொள்ள. ஒரே திருநாள்தான், வீட்டில் பூண்டு ஊறுகிறது, ஆலயத்தில் பூண்டுக்கே இடமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு ஜாடியைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

நள்ளிரவை ஒட்டி அடுப்பு மூட்டுவார்கள். முதலில் பயறும் கடலையும், பிறகு அரிசி, கடைசியில் பழங்கள். படகுத் துடுப்பு நீளத்துக்கு மரக் கரண்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மாறி மாறிக் கிண்டுவார்கள். அடிப்பிடித்த வாசனை வந்தால் அத்தனை பேர் உழைப்பும் போச்சு. கிண்டச் சொன்னால் வட்டமாகச் சுற்றாமல் அடியைத் தொட்டு இழுத்துக் கிண்டுங்கள்.

நான்காம் படி: விடிகாலை வழிபாடு

இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் விடிவதற்கு முன் நடக்கும் காலை வழிபாட்டுக்கு வந்துவிடுங்கள். மண்டபத்துக்குள் நடுவாசல் வழியே நுழையாதீர்கள், பக்கவாசலே நமக்கு. உயர்ந்த மர நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. நமக்கு இது உறுத்தும், ஆனால் பெரும்பாலான சீன ஆலயங்களில் அதுதான் வழக்கம். ஊதுவத்தி மூன்று போதும். கட்டுக்கட்டாகக் கொளுத்தினால் புண்ணியம் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கு இருமல்தான் வரும். உள்ளே படம் எடுக்காதீர்கள்.

அன்று முதல் கிண்ணங்கள் புத்தர் முன் வைக்கப்படும். ‘நாமோ பென்ஷி ஷிஜியாமோனி ஃபோ’ என்று மூல ஆசானான சாக்கியமுனியின் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதுவார்கள். மர மீன் என்ற மீன் வடிவத் தாளக் கருவி ‘டொக் டொக்’கென்று மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். ஓதத் தெரியாவிட்டால் கைகூப்பி நில்லுங்கள். எல்லோரும் விழுந்து வணங்கும்போது உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் குனிந்து வணங்கினால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசி வரிசையில் நிற்பது உத்தமம். முன்னால் நிற்பவரைப் பார்த்து எழலாம், குனியலாம்.

ஐந்தாம் படி: கொடுப்பதும் வாங்குவதும்

வழிபாடு முடிந்தவுடன் வாசலில் மேசை போடுவார்கள். நீங்கள் தொண்டர் என்றால் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டுங்கள். வாங்குபவரும் இரண்டு கையாலேயே வாங்குவார். வெளியே எடுத்துப்போகும் கஞ்சிக்கு மூடி போட்ட டப்பாக்கள் அடுக்கியிருப்பார்கள். மூடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், பேருந்தில் கொட்டினால் பெரும் அவதி.

வரிசையில் நின்று வாங்க மட்டும் வருகிறவர்கள் காலை ஆறு ஏழு மணிக்கே வந்துவிடுவது நல்லது. சொந்தமாக ஒரு தூக்கு கொண்டுபோனால் பிளாஸ்டிக் மிச்சம். வீட்டில் நோயாளியோ வயதானவரோ இருந்தால் சொல்லி இன்னொரு கிண்ணம் கேளுங்கள், கொடுப்பார்கள். கஞ்சி இனிப்பாக இருக்கலாம், நீரிழிவு உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். தெற்குச் சீனத்திலும் தைவானிலும் காளான், சேப்பங்கிழங்கு, காரட் போட்ட உப்புக் கஞ்சியும் உண்டு. என் நாக்குக்கு அதுதான் ஒரு படி மேல்.

ஆறாம் படி: உணவுக் கூடத்தில் சாப்பிடுவது

தொண்டர்களை உள்ளே சாப்பிடக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து உட்காரவைக்கும் இடங்கள் உண்டு. சாப்பிடும் நேரம் முழுக்கப் பேச்சு இல்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பதே சைகையால்தான். காலிக் கிண்ணத்தை மேசையின் முன் விளிம்புக்குத் தள்ளி வைத்தால் பரிமாறுபவர் வந்து ஊற்றுவார். பாதி போதும் என்றால் கிண்ணத்தில் எந்த அளவு வரை என்று சாப்பிடும் குச்சியால் காட்டுங்கள். வேண்டாம் என்றால் கிண்ணத்தை உள்பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். நம் பந்தியில் இலையை மடிப்பதுபோல இதற்கும் ஒரு மொழி இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. ஆகவே முதலில் கொஞ்சமாக வாங்குங்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே கொண்டுவந்து சாப்பிட வேண்டும். மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து குடிப்பது அங்கே மரியாதை இல்லை.

ஆலயம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு: வீட்டில் கஞ்சி

எட்டு பேருக்கு இந்த அளவு சரியாக வரும். நம் கடைகளிலேயே கிடைக்கும் பொருட்களாகச் சொல்கிறேன்.

பச்சரிசி அரை கப், கவுனி அரிசி கால் கப், தினை கால் கப், சிவப்புக் காராமணி கால் கப், பச்சைப் பயறு கால் கப், வேர்க்கடலை கால் கப், தாமரை விதை முப்பது, காய்ந்த சீன இலந்தை ஒரு டஜன், உலர் திராட்சை ஒரு பிடி, கற்கண்டு நூறிலிருந்து நூற்றைம்பது கிராம்.

வட சீனத்துக் கஞ்சியில் போடும் ‘ஷியாவ்மி’ நம் தினையேதான், மாற்றுப் பொருள் அல்ல. கறுப்பு ஒட்டரிசிக்குச் செட்டிநாட்டுக் கவுனி அப்படியே பொருந்தும். அவர்கள் போடும் சின்னச் சிவப்புப் பயறு கிடைக்காவிட்டால் காராமணி போதும். ராஜ்மா வேண்டாம், அது தோல் தடித்துத் தனியாக நிற்கும். தாமரை விதை என்று கேட்டு மக்கானாவை வாங்கி வந்துவிடாதீர்கள், அது வேறு செடி, பொரித்த மக்கானா கஞ்சியில் பஞ்சாகக் கரையும். சீன இலந்தை கிடைக்காத ஊரில் பேரீச்சை போடலாம், இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் என்பதால் எட்டு வகை என்று பலர் எண்ணிப் போடுவார்கள். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை.

கவுனி, காராமணி, கடலை, தாமரை விதை நான்கையும் முந்தின இரவே தனித்தனியாக ஊறவையுங்கள். கவுனியைச் சேர்த்து ஊறவைத்தால் மற்றதெல்லாம் ஊதாவாகிவிடும். எப்படியும் கடைசியில் முழுக் கஞ்சியும் ஊதாதான், ஆனால் விதை வெந்ததா என்று நிறத்தை வைத்துப் பார்க்க முடியாமல் போகும். காலையில் கனமான பாத்திரத்தில் பன்னிரண்டு கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இந்த நான்கையும் போட்டு நாற்பது நிமிடம் சிறு தீயில் வையுங்கள். காராமணியை நசுக்கினால் மசிய வேண்டும். பிறகு அரிசி, தினை, பச்சைப் பயறு. இதற்கு மேல் அரை மணி நேரம். இடையிடையே அடியைத் தொட்டுக் கிண்டுங்கள், இறுகினால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். கடைசி இருபது நிமிடத்தில் இலந்தையும் திராட்சையும்.

கற்கண்டு எல்லாம் வெந்த பிறகுதான். முன்னால் போட்டால் பயறு வேகாமல் அடம்பிடிக்கும். குக்கர் அவசரக்காரர்கள் ஊறிய பயறு வகைகளை மட்டும் மூன்று விசில் விட்டு எடுத்து, மீதியைத் திறந்த பாத்திரத்தில் செய்யுங்கள். மொத்தத்தையும் குக்கரில் ஏற்றினால் தினை கரைந்து கூழாகிவிடும். ஏலக்காய், நெய், முந்திரி தாளிப்பு என்று கை பரபரக்கும். போட்டால் நல்ல பாயசம் கிடைக்கும், லாபா கஞ்சியின் மண்வாசனை போய்விடும்.

ஒரு கிண்ணம் எடுத்துப் படைத்துவிட்டு, அடுத்ததை அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். மதியத்துக்குள் கொடுத்து முடிப்பது வழக்கம். மிச்சம் இருந்தால் ஆண்டு முழுக்க வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்று சீனர்கள் அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கஞ்சி மறுநாள் கெட்டியாகிவிடும். அரை கிண்ணம் வெந்நீர் ஊற்றி, கட்டி உடையும்வரை கிண்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.